‘என்பு போன்றது’: ஓர் உவமையின் மீதான விசாரணை

ஒன்றை மற்றொன்று போன்றது எனக் கூறுபவர், எவ்வகையிற் போன்றது என்னும் வினாவுக்கு விடையிறுக்கும் கடப்பாட்டையும் உடன் ஏற்கின்றார். தமிழ் இலக்கண மரபு இக்கடப்பாட்டை மிக முற்பட்ட காலத்திலேயே உணர்ந்திருந்தது. வினை, பயன், மெய், உரு என ஒப்புமை தோன்றும் வகைகளைத் தொல்காப்பியத்து உவமவியல் நான்காக வகுத்துரைப்பது இதற்குச் சான்றாகும். புலவனுடைய உவமையிற் பொதுத்தன்மை சொல்லப்படாது தொக்கு நிற்பினும் இழுக்கில்லை. கற்போன் அதனை உய்த்துணர்ந்து கொள்வான். அறிவியலாளன் கையாளும் உவமைக்கு அச்சலுகை கிடையாது. அங்கே பொதுத்தன்மை மறைந்து நிற்குமாயின், ஒரு வகையில் மட்டும் ஒத்த பொருள் எல்லா வகையிலும் ஒத்தது என்ற மயக்கம் எழுந்துவிடும். ‘என்பு போன்ற பொருள்’ என இன்றைய மருத்துவப் பொருளியலிலே பெருவழக்காகிவிட்ட தொடர் இத்தகைய ஓர் உவமையே. அதன் பொதுத்தன்மை யாது என்பதும், அதனைத் தீர்மானிப்பதிற் கருக்காந்தப் பரிவு நிறமாலையியல் வழங்கும் சாட்சியம் எத்துணை நம்பத்தக்கது என்பதும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

இவ்வினா வெறும் சொல்லாராய்ச்சி அன்று. விபத்திலே நொறுங்கிய அல்லது நோயினால் அரிக்கப்பட்ட என்பின் வெற்றிடத்தை நிரப்புவதற்கும், செயற்கை மூட்டுகளின் உலோகத்தண்டுகளைப் பூசுவதற்கும் கல்சியம் பொசுபேற்றுச் சேர்வைகள் நீண்டகாலமாகப் பயன்பட்டு வருகின்றன. அவற்றுட் பல என்பு போன்றவை என்ற பெயரோடுதான் ஆய்வுகூடத்தை விட்டு வெளியேறுகின்றன. அப்பொருளை உடலிலே தாங்கப்போகும் நோயாளி அந்த ‘போன்ற’ என்னும் சொல்லை நம்பியே தன் உடலை ஒப்படைக்கின்றான். எனவே அச்சொல்லின் பின்னாலுள்ள சான்றினை உரசிப் பார்த்தல் அறிவுக்கடன் மட்டுமன்றி அறக்கடனுமாகும்.

என்பு ஒரு கூட்டுப்பொருள். கொலாஜன் என்னும் புரத நார்களும், அவற்றின் உள்ளும் இடையிலும் படிந்துள்ள கனிப்பொருளும், நீரும் அதன் பெருங்கூறுகள். நிறையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனிப்பொருளே. அக்கனிப்பொருள் யாது என்ற வினாவுக்கு முதலிற் கிடைத்த தெளிவான விடை 1926 இல் டி யொங் என்பாரது எக்ஸ் கதிர்க் கோணல் ஆய்வினால் வந்தது. பாறைகளிற் காணப்படும் அப்பற்றைற்று என்னும் கனிப்பொருளின் கோலத்தையே என்பும் காட்டுகின்றது என அவர் நிறுவினார். அது பெரும் கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை. ஆயின் அதன்பின் நிகழ்ந்தது யாது? பத்துக் கல்சியம், ஆறு பொசுபேற்று, இரண்டு ஐதரொட்சில் என்ற கணக்கில் அமைந்த ஐதரொட்சி அப்பற்றைற்றின் சூத்திரம் பாடநூல்களிலே ‘என்பின் சூத்திரம்’ என்ற தகுதியைப் பெற்றது. காலப்போக்கில் உவமானம் உவமேயத்தின் இடத்தையே கைப்பற்றிக்கொண்டது. என்பு அப்பற்றைற்றைப் போன்றது என்ற கூற்று, என்பு அப்பற்றைற்றே என்ற கூற்றாக உருமாறியது. அணியிலக்கணத்தின் மொழியிற் கூறுவதாயின், உவமை உருவகமாயிற்று.

எக்ஸ் கதிர்க் கோணல் பொய் கூறவில்லை. அது தனக்கு இயல்பான ஒன்றையே கூறியது. ஒழுங்கான அடுக்குகள் மீண்டும் மீண்டும் வரும்போதே அம்முறை கூர்மையான கோடுகளைத் தருகின்றது. ஒழுங்கற்ற பகுதி அக்கோலத்திலே மங்கிய பின்னணியாகக் கரைந்து போகின்றது. பெரும் பளிங்கொன்றில் ஒழுங்கற்ற மேற்பரப்பு புறக்கணிக்கத்தக்க சிறுபகுதியாகையால் இதனால் தீங்கில்லை. ஆனால் என்பின் கனிப்பொருளோ பாறையிலுள்ளது போன்ற பெரும் பளிங்கு அன்று. அது ஏறத்தாழ 3 நனோமீற்றர் மட்டுமே தடிப்புள்ள மெல்லிய தகடுகளாக அமைந்துள்ளது. அத்தகைய தகட்டின் இரு முகங்களிலும் ஒரு நனோமீற்றர் அளவுக்கு ஒழுங்கு குலைந்திருப்பதாகக் கொண்டால், ஒழுங்கான உள்ளீடு என எஞ்சுவது மூன்றிலொரு பங்கே. அதாவது, மேற்பரப்பு என்பது இங்கே பொருளின் ஓரம் அன்று. பெரும்பான்மையான பொருளே அதுதான். கொலாஜன் தொடுவதும், நீர் ஒட்டுவதும், கலங்கள் கரைப்பதும், அயன்கள் புகுவதும் வெளியேறுவதும் அம்மேற்பரப்பிலேதான். என்பின் வினை முழுவதும் நிகழும் களத்தை மங்கிய பின்னணியாகத் தள்ளிவிட்டு, வினையற்ற உள்ளீட்டின் ஒப்புமையைக் கொண்டு தீர்ப்பு வழங்குதல் எங்ஙனம் பொருந்தும்?

இவ்விடத்திலேதான் கருக்காந்தப் பரிவு முறையின் பங்களிப்பு முதன்மை பெறுகின்றது. 1945, 1946 ஆம் ஆண்டுகளில் ஹார்வார்டிற் பேர்செல் குழுவினரும் ஸ்ரான்போர்டிற் புளொக் குழுவினரும் தனித்தனியே கண்டறிந்த இத்தோற்றப்பாட்டுக்காக அவ்விருவரும் 1952 இல் நோபல் பரிசினைப் பகிர்ந்துகொண்டனர். சில அணுக்களின் கருக்கள் சிறு காந்தங்களைப் போல நடந்துகொள்கின்றன. வலிய காந்தப்புலம் ஒன்றில் அவற்றை வைத்து வானொலி அலையைச் செலுத்தினால், ஒவ்வொரு வகைக் கருவும் தனக்கேயுரிய மீடிறனிற் பரிவுறுகின்றது. கருவைச் சூழ்ந்துள்ள இலத்திரன்கள் அம்மீடிறனைப் பத்து இலட்சத்திற் சில பங்கு அளவில் இடம்பெயர்க்கின்றன. எனவே சைகை தோன்றும் இடத்தைக் கொண்டு அவ்வணுவின் அண்டை அயலை அறியலாம். அடுக்குகளின் நெடிய ஒழுங்கு இதற்குத் தேவையில்லை. எக்ஸ் கதிர் ஊரின் தெரு ஒழுங்கை வரைந்து காட்டுகின்றது எனில், கருக்காந்தப் பரிவு ஒவ்வொரு வீட்டாரிடமும் அயலவர் யாவர் என்று வினவுகின்றது எனலாம். இயற்கையிலுள்ள பொசுபரசு முழுவதும் இம்முறைக்கு உகந்த ஒரே சமதானியாக இருப்பது என்பாய்வாளருக்கு வாய்த்த நற்பேறாகும். காபனிலோ நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றே அத்தகையது.

திண்மப் பொருள்களில் இச்சைகைகள் அகன்று ஒன்றோடொன்று கலந்துவிடும். மாதிரியைக் காந்தப்புலத்துக்கு 54.7 பாகை சாய்வில் வைத்து, செக்கனுக்குப் பல்லாயிரம் முறை சுழற்றினால் அவை கூர்மையடையும் என்பதை 1958 இல் அன்ட்ரூவும் அவரது சகபாடிகளும் காட்டினர். அச்சாய்வு ‘மாயக்கோணம்’ என வழங்கப்படுகின்றது. 1970களின் தொடக்கத்தில் பைன்ஸ், கிப்பி, வா ஆகியோர் ஐதரசன் கருக்களின் காந்தமாக்கலை அருகிலுள்ள வேறு கருக்களுக்குக் கைமாற்றும் முறையை வகுத்தனர். மேற்பரப்பாய்வின் திறவுகோல் இக்கைமாற்றமே. அப்பற்றைற்றின் உள்ளீட்டிலுள்ள ஐதரொட்சிலின் ஐதரசன் நிறமாலையிற் சுழியை அண்டியும், நீரின் ஐதரசன் ஐந்தை அண்டியும் தோன்றும். எந்த ஐதரசனிடமிருந்து எந்தப் பொசுபரசு காந்தமாக்கலைப் பெற்றது என்பதை இருபரிமாண வரைபடமொன்றிற் குறித்தால், உள்ளீட்டுப் பொசுபேற்றும் நீரைத் தொட்டுநிற்கும் மேற்பரப்புப் பொசுபேற்றும் வேறுவேறாகப் பிரிந்து நிற்கக் காணலாம்.

இம்முறையால் வெளிப்பட்டவை பாடநூற் சூத்திரத்தைப் பல முனைகளிலும் அசைத்தன. 1994 இல் வூ, கிளிம்ச்சர், ரே, அக்கர்மன் ஆகியோர், ஐதரசன் ஏற்ற பொசுபேற்றுத் தொகுதிகள் என்பிலே உள்ளன என்பதையும், ஒப்பீட்டுக்கு எடுக்கப்பட்ட செயற்கைக் கல்சியம் பொசுபேற்றுகளில் அவை அதே வடிவிற் காணப்படவில்லை என்பதையும் எடுத்துரைத்தனர். 2003 இல் சோ, வூ, அக்கர்மன் ஆகியோர் மனிதனின் புறணி என்பில் ஐதரொட்சிலை நேரடியாக அளந்தனர். சூத்திரம் எதிர்பார்க்கும் அளவில் ஏறத்தாழ 20 விழுக்காடே அங்கிருந்தது. ஐதரொட்சிலின் பெயரையே தாங்கிய கனிப்பொருளில் ஐந்திலொரு பங்கு ஐதரொட்சிலே உள்ளது என்பது சிந்தனைக்குரியது. 2006 இல் யேகர் குழுவினர், நனோ அளவிலான செயற்கை ஐதரொட்சி அப்பற்றைற்றே ஒழுங்கான உள்ளீடும் அதனைப் போர்த்திய ஒழுங்கற்ற மேற்படையும் கொண்டது எனப் பகுத்துக் காட்டினர். ஆக, என்பு மட்டுமன்று, அதற்கு உவமானமாகக் கொள்ளப்பட்ட செயற்கைப் பொருளும் தன் சூத்திரத்தோடு முற்றிலும் ஒத்ததன்று என்பது பெறப்படுகின்றது.

இவ்வெற்றிகளைக் கண்டு, எக்ஸ் கதிருக்கு முன்னர் வழங்கிய கேள்விமுறையற்ற நம்பிக்கையை இப்புதிய முறைக்கு மாற்றி வழங்குதல் தகாது. நிறமாலை தானாகப் பேசுவதில்லை; அதற்கு உரை காணப்படுகின்றது. உரை காண்பவர் தவறவும் கூடும். கைமாற்ற முறையிலே ஐதரசனுக்கு அண்மையிலுள்ள பொசுபரசு உரத்து ஒலிக்கும். தொலைவிலுள்ளது தாழ்ந்து ஒலிக்கும். கூட்டமொன்றில் ஒலிவாங்கிக்கு அருகே நின்றவரின் குரலே பெரிதாகக் கேட்டது என்பதால் அவர் தரப்பினரே அவையிற் பெரும்பான்மையினர் எனக் கொள்ளல் ஆகாது. சைகையின் உயரத்தை அளவின் பெருக்கமாகக் கொள்பவர் இப்பிழையையே செய்கின்றார். நேரடியாகத் தூண்டிப் பெற்ற நிறமாலையோடு ஒப்பிட்டுத் திருத்தப்பட்ட பின்னரே மேற்பரப்பின் பங்கு இவ்வளவு எனக் கூறுதல் முறையாகும்.

உரைவேறுபாட்டுக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, கனிப்பொருளின் மேற்பரப்பைத் தொட்டுநிற்கும் சேதனப் பொருள் யாது என்ற விவாதமாகும். காபனுக்கும் பொசுபரசுக்கும் இடையிலுள்ள அண்மையைச் சோதிக்கும் முறையொன்றைக் குல்லியன், ஷேபர் ஆகியோர் 1989 இல் வகுத்தனர். பொசுபரசுக்கு அண்மையிலுள்ள காபனின் சைகை விரைந்து தேயும் என்பதே அதன் சாரம். 2007 இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டூவர் முதலியோர் இம்முறையை என்பிற் பிரயோகித்தனர். நிறமாலையில் 76 என்னும் இடத்தை அண்டிய சைகை குறிப்பிடத்தக்க அளவிலே தேய்ந்தது. ஒட்சிசனோடு பிணைந்த காபன் அவ்விடத்திலே தோன்றுவது இயல்பு. சர்க்கரை வளையங்களின் காபன் அத்தகையது. எனவே என்பின் கனிப்பொருளைத் தொட்டுநிற்பவை முதன்மையாகப் பல்சக்கரைட்டுகளே என்று அவர்கள் முடிவுரைத்தனர். அந்நாளிற் கிடைத்த சான்றினை நோக்க, அது நியாயமான முடிவே.

மூன்றாண்டுகளின் பின்னர், 2010 இல், அயோவாவைச் சேர்ந்த ஷ்மித்-ரோர் குழுவினர் அதே இடத்துச் சைகையை வேறொரு கேள்வியோடு அணுகினர். அக்காபனோடு ஐதரசன் நேரடியாகப் பிணைந்துள்ளதா என்பதே அக்கேள்வி. சர்க்கரை வளையத்தின் காபனாயின் பிணைந்திருத்தல் வேண்டும். பிணைந்திருக்கவில்லை என்பதே கிடைத்த விடை. அத்தகைய காபனைத் தன் நடுவிற் கொண்டது சித்திரேற்று. என்பின் சேதனப் பொருளில் நிறையால் 5.5 விழுக்காடு மேற்பரப்பிற் கட்டுண்ட சித்திரேற்று எனவும், ஏறத்தாழ 2 நனோமீற்றர் பக்கமுள்ள சதுரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலக்கூறாக அது அப்பற்றைற்றின் மேற்பரப்பைப் பிடித்துள்ளது எனவும், மீன், பறவை, பாலூட்டி ஆகிய மூவகை என்புகளிலும் அது காணப்படுகின்றது எனவும் அவர்கள் அறிவித்தனர். தகடுகள் மேலும் தடிக்காது தடுப்பது அதுவே என்பது அவர்தம் கருத்து.

இவ்விரு உரைகளையும் ஒப்புநோக்குமிடத்து, வியக்கத்தக்க உண்மையொன்று புலனாகின்றது. என்பிற் சித்திரேற்று மிகுதியாக உண்டு என்பது 2010 இன் கண்டுபிடிப்பு அன்று. 1941 இலேயே டிக்கன்ஸ் என்பார் விலங்கு இழையங்களை இரசாயன முறையாற் பகுத்து, என்பு சித்திரேற்றின் பெருங்களஞ்சியம் என்பதை எழுதிவைத்திருந்தார். ஏறத்தாழ எழுபதாண்டுகள் அவ்வுண்மை நூலகத்து அடுக்குகளிற் கிடந்தது. புதிய கருவி ஒன்று வரும்போது பழைய ஏடுகள் மூடப்பட்டுவிடுகின்றன. கருவி காட்டும் கோட்டுக்குப் பெயரிட முனைபவர் அப்பொருளைப் பற்றி முன்னோர் அறிந்திருந்தவற்றை மறந்துவிடுகின்றார். சுவடி ஒன்றின் சிதைந்த சொல்லுக்குப் பாடம் காண முயலும் பதிப்பாசிரியன், பிற பிரதிகளைப் பாராது ஊகத்தை நம்பினால் எய்தும் குறை எதுவோ, அதுவே இங்கும் நேர்ந்தது. எனினும் இவ்வரலாற்றின் முடிவு பெருமைக்குரியது. டூவரும் சகபாடிகளும் தமது முந்தைய முடிபைப் பற்றிக்கொண்டு நில்லாது, 2014 இல் சித்திரேற்றையே மையமாகக் கொண்ட புதிய மாதிரியை முன்வைத்தனர். அடுத்தடுத்த தகடுகளுக்கிடையே சித்திரேற்று பாலமாக நிற்கின்றது என்றும், அவ்விடைவெளியில் நீரும் உண்டு என்றும் அவர்கள் வாதிட்டனர்.

இதற்கு முந்திய 2013 இல் பரிசைச் சேர்ந்த பொனொம், பபொனோ, நஸிவ் முதலியோரை உள்ளடக்கிய குழு, நீரின் பங்கினை வேறொரு கோணத்தில் அணுகியது. தகட்டின் ஒழுங்கான உள்ளீட்டைப் போர்த்தியுள்ள, பளிங்குருவற்ற கல்சியம் பொசுபேற்றை ஒத்த மேற்படையின் வாயிலாக நீரே தகடுகளை ஒரு திசைப்பட நிறுத்துகின்றது என அது கூறியது. அக்குழு கருக்காந்தப் பரிவை மட்டும் நம்பியிருக்கவில்லை. எக்ஸ் கதிர்ச் சிதறலையும், உறைநிலை இலத்திரன் நுணுக்குக்காட்டியையும் துணைகொண்டு, முழுமையான என்பையும் செயற்கை அப்பற்றைற்றையும் அருகருகே வைத்து ஆராய்ந்தது. ஒரு சாட்சியை மற்றொரு சாட்சியாற் குறுக்குவிசாரணை செய்யும் இம்முறையே போற்றத்தக்கது. ஐதரொட்சில் குறைவு, ஐதரசன் ஏற்ற பொசுபேற்று உண்டு, சித்திரேற்று கனிப்பொருளை அண்டி நிற்கின்றது என்பன உறுதியான அளவீடுகள். மேற்படை பளிங்குருவற்றதா, சித்திரேற்று பாலமா போர்வையா என்பன அவ்வளவீடுகளின் மேல் எழுப்பப்பட்ட மாதிரிகள். முன்னவற்றுக்குரிய உறுதியைப் பின்னவற்றுக்கும் வழங்குதல் திறனாய்வு ஆகாது.

இனி, என்பு போன்றவை எனப் பெயர்பெறும் பொருள்களுக்கு இவ்வளவுகோலைக் கொண்டுவருதல் தகும். 1969 இல் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் ஹென்ச் உருவாக்கிய உயிர்ப்புக் கண்ணாடி என்போடு தானே பிணைந்தது. அதன் மேற்பரப்பில் அப்பற்றைற்றுப் படையொன்று உருவாவதே அதற்குக் காரணம் எனக் கொள்ளப்பட்டது. 1990 இல் கியோத்தோவைச் சேர்ந்த கொக்குபோ குழுவினர், குருதித் திரவவிழையத்தின் அயன் செறிவுகளை ஏறத்தாழ ஒத்த கரைசலொன்றை முன்வைத்தனர். சோதிக்கப்படும் பொருளை அதில் இட்டு, அதன்மேல் அப்பற்றைற்று படிகின்றதா எனப் பார்த்தால், உடலினுள்ளும் அது என்போடு பிணையுமா என முன்னறியலாம் என்பது அவர்தம் கருத்து. எளிமையும் சிக்கனமும் வாய்ந்த இச்சோதனை உலகெங்கும் பரவி, 2007 இல் சர்வதேச நியமமாகவும் வகுக்கப்பட்டது. விலங்குகளை வருத்தும் சோதனைகள் பலவற்றைத் தவிர்க்க வழிகாட்டியமை அதன் சிறப்பு. எனினும் 2009 இல் போனர், லெமெத்ர் ஆகிய இருவர், அக்கரைசலிற் புரதங்கள் இல்லாமையையும், காபனீரொட்சைட்டின் அளவு கட்டுப்படுத்தப்படாமையையும் எடுத்துக்காட்டி, அதன் முன்னறிவிப்புத் திறனை வினாவுக்குட்படுத்தினர். பீற்றா முக்கல்சியம் பொசுபேற்று, இக்கரைசலில் அப்பற்றைற்றைத் தெளிவாகத் தோற்றுவிக்காத நிலையிலும் உடலினுள் என்போடு பிணைவது இதற்கு வலிமை சேர்க்கின்றது.

இவ்விவாதத்திற் கவனத்துக்குத் தப்பிய கூறொன்று உண்டு. கரைசலிலே படிந்தது அப்பற்றைற்றே எனத் தீர்மானிப்பதற்குப் பெரும்பாலும் கொள்ளப்படும் சான்று எக்ஸ் கதிர்க் கோலமும் நுணுக்குக்காட்டிப் படமுமே. முன்னது உள்ளீட்டைப் பேசும்; பின்னது உருவத்தைப் பேசும். மேற்பரப்பின் பொசுபேற்று எத்தகையது, நீரை எவ்வாறு பற்றியுள்ளது, ஐதரொட்சில் எவ்வளவு என்னும் வினாக்கள் எழுப்பப்படாமலே ‘என்பு போன்ற அப்பற்றைற்று’ என்ற பட்டம் சூட்டப்பட்டுவிடுகின்றது. சித்திரேற்றும் இல்லாத, புரதமும் இல்லாத கரைசலில் விளைந்த படை, அவ்விரண்டினாலும் உருவாக்கப்பட்ட மேற்பரப்பை ஒத்திருக்கும் என எதிர்பார்ப்பதற்குக் காரணமில்லை. மெய்யால் ஒத்தது, ஒருவேளை உருவாலும் ஒத்தது, வினையாலும் பயனாலும் ஒத்ததா என்பது வினவப்படவில்லை.

கருக்காந்தப் பரிவு இவ்விடைவெளியை முற்றாக நிரப்பிவிடும் எனக் கூறுவதும் மிகையாகும். அது மாதிரி முழுவதன் சராசரியையே தருகின்றது. இன்ன தகட்டின் இன்ன முகம் எனச் சுட்டிக்காட்டுவதில்லை. என்பை உலர்த்தி அரைத்துப் பொடியாக்கினால், நீரினால் நிலைபெற்றிருந்த மேற்பரப்பே மாறிவிடவும் கூடும். காபனின் சைகை நலிந்ததாகையால் நெடுநேரம் அளவிடல் வேண்டும். வலிய காந்தங்களைக் கொண்ட இக்கருவிகளின் விலையோ பல பல்கலைக்கழகங்களுக்கு எட்டாதது. ஆனால் கருவி இல்லாதவருக்கும் கேள்வி உண்டு. ஒரு பொருள் என்பு போன்றது என்ற கூற்றினை வாசிக்கும் மாணவன், எவ்வகையிற் போன்றது, எக்கருவியின் சாட்சியப்படி, ஈரமான நிலையிலா உலர்ந்த நிலையிலா என வினவுவதற்குக் காந்தம் எதுவும் வேண்டுவதில்லை.

இலக்கியத் திறனாய்வுக்கும் இவ்வறிவியற் பயிற்சிக்கும் இடையிலுள்ள உறவு இங்கே வெளிப்படுகின்றது. இரண்டுமே சான்றினை வாசிக்கும் கலைகள். பாடத்தைப் பிற பாடங்களோடு ஒப்பிடாது உரை வகுத்தல், முன்னோர் உரையை மறத்தல், உவமையை உருவகமாக மயங்கல் என்பன இரண்டுக்கும் பொதுவான குற்றங்கள். 76 என்னும் இடத்தில் எழுந்த ஒரே சைகை, 2007 இல் சர்க்கரையாகவும் 2010 இல் சித்திரேற்றாகவும் வாசிக்கப்பட்டது. அச்சைகை மாறவில்லை, கேட்கப்பட்ட கேள்வி மாறியது. தன் முதல் உரையைக் கைவிட அஞ்சாத ஆய்வாளரால் அறிவு ஓரடி முன்சென்றது. நோயாளியின் உடலினுள்ளே என்றென்றைக்குமாக வைக்கப்படும் ஒரு பொருளைக் குறித்து ‘போன்றது’ என்று சொல்பவர், அவ்வஞ்சாமையையும் அக்கேள்வியையும் தம்மிடத்தே கொண்டிருத்தல் வேண்டும். அவ்வாறு கேட்கப்படும் வரையில், ‘என்பு போன்றது’ என்பது பொதுத்தன்மை சொல்லப்படாத உவமையாகவே நிற்கும். அதனை நிறுவப்பட்ட உண்மையாக ஏற்பதற்கில்லை.